பற்றினால் ஒளிரும், விட்டால் மங்கும்

தொட்டாற்சுருங்கியைத் தொட்டுப் பாராத பிள்ளை நம் நாட்டிலே அரிது. வேலியோரத்திலும் புற்றரையிலும் படர்ந்து கிடக்கும் அச்செடியின் இலை விரல் பட்டதும் கூம்புகின்றது. சிறிது நேரஞ் சென்றதும் மீண்டும் விரிகின்றது. நரம்பும் தசையும் அற்ற ஒரு செடியில், தொட்ட இடத்துச் செய்தி இலையின் மூட்டுக்கு எவ்வாறு எட்டியது? அதனைக் கொண்டு சென்றது எது? இக்கேள்விக்குக் கண்ணாற் கண்டு விடை கூறும் நிலை அண்மைக் காலத்திலேதான் வாய்த்தது. அவ்விடையைக் காட்டியது ஒரு விளக்கு. அவ்விளக்கோ ஒரு புரதம். ஒரு பொருள் தன்னிடம் வந்து பொருந்தியதை ஒளியால் அறிவிக்கும் அப்புரதத்தின் இயல்பை இவ்வாரம் ஆராய்வோம்.

உயிர்க்கலத்தில் நடைபெறும் காரியங்களுட் பெரும்பாலானவை, ஒன்று மற்றொன்றிற் பொருந்துவதாலேயே தொடங்குகின்றன. கல்சிய அயன் ஒரு புரதத்திற் பொருந்தினால் தசை சுருங்குகின்றது. நரம்பின் முனையிலிருந்து சிந்திய ஒரு சிறு மூலக்கூறு அடுத்த கலத்தின் புரதத்திற் பொருந்தினால் செய்தி கைமாறுகின்றது. இவ்வாறு புரதத்தில் வந்து பொருந்தும் பொருளை விஞ்ஞானிகள் இணையி என்பர்.

இணையியின் அளவை அறிவதற்குப் பழைய வழி, கலத்தை அரைத்து வடித்து அளப்பதாகும். அவ்வாறு அளந்தால் எவ்வளவு இருந்தது என்பது தெரியவரும். எப்பொழுது கூடியது, எந்த மூலையிற் கூடியது, எத்துணை நேரம் நின்றது என்பவை தெரியமாட்டா. தேர் போன பின்னர் வீதியிற் கிடக்கும் பூக்களை எண்ணித் திருவிழாவை அறிய முயல்வது போன்றது அம்முறை. தேர் ஓடும்போதே பார்க்க வேண்டுமாயின், கலம் உயிரோடிருக்க வேண்டும். அதனுள்ளே விளக்கும் எரிய வேண்டும்.

கடல் தந்த விளக்கு

அவ்விளக்கு முதலிற் கிடைத்தது கடலிலே. யப்பானியரான ஒசாமு சிமோமுரா என்பார், 1961ஆம் ஆண்டுக் கோடைகாலத்தில், அமெரிக்காவின் வாசிங்டன் மாநிலத்திலுள்ள பிரைடே ஹாபர் என்னும் தீவுத் துறைக்குச் சென்றார். பிரின்ஸ்ரன் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிராங் யோன்சனும் உடன் சென்றார். நம் மீனவர் சொறிமுட்டை என்று அழைக்கும் இழுதுமீன்களில் ஓரினம் அங்கே நிறைய மிதந்து வந்தது. ஈக்குவோரியா என்பது அதன் பெயர். அதன் குடை விளிம்பு பச்சை நிறமாக ஒளிரும். ஏறத்தாழ 10,000 இழுதுமீன்களைப் பிடித்து, அவற்றின் விளிம்புகளை வெட்டியெடுத்து, ஒளிதரும் பொருளைப் பிரித்தெடுக்க அவர்கள் முயன்றனர்.

ஒருநாள், பயன்முடிந்த கரைசலைச் சிமோமுரா கழுவுதொட்டியில் ஊற்றினார். தொட்டி முழுவதும் பளிச்சென நீலமாக ஒளிர்ந்தது. தொட்டியில் இருந்தது கடல்நீர். கடல்நீரில் இருந்தது கல்சியம். கல்சியம் பொருந்தியவுடன் நீல ஒளி வீசும் ஒரு புரதம் அவ்விழுதுமீனில் இருப்பது இவ்வாறு புலனாயிற்று. அதற்கு ஈக்குவோரின் என்று பெயரிட்டு, 1962ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அதனோடு சேர்ந்து வந்த வேறொரு புரதமும் இருந்தது. அதன் மேல் நீல ஒளி பட்டால் அது பச்சையாக ஒளிர்ந்தது. அக்கட்டுரையில் அது போகிற போக்கிற் கூறப்பட்ட ஒரு செய்தியேயாம். பின்னாளில் உலகெங்கும் பேசப்பட்ட பச்சை ஒளிர்புரதம் அதுவே.

ஈக்குவோரின் தானே ஓர் உணரியாகப் பயன்பட்டது. 1967ஆம் ஆண்டில், றிட்ச்வே, ஆஷ்லி என்னும் இருவர், பாறைகளில் ஒட்டி வாழும் கொட்டலசு என்னும் உயிரியின் தசைநாருக்குள் அதனை ஏற்றி, தசை சுருங்கும் வேளையில் ஒளி தோன்றி மறைவதைக் கண்டனர். ஆயின் அதற்கு ஒரு பெருங்குறை உண்டு. ஒவ்வொரு மூலக்கூறும் ஒரு முறையே ஒளிவிடும். தீக்குச்சியைப் போல எரிந்தவுடன் தீர்ந்துவிடும். மேலும், வெளியிலிருந்து ஊசியால் ஏற்றவேண்டிய தொல்லையும் இருந்தது. மீண்டும் மீண்டும் ஒளிரக்கூடியதும், கலம் தானே ஆக்கிக் கொள்ளக்கூடியதுமான ஒரு விளக்கு வேண்டியிருந்தது.

பீப்பாவுக்குள் ஒரு சுடர்

பச்சை ஒளிர்புரதம் 238 அமினோவமிலங்கள் கோத்த ஒரு சங்கிலி. அச்சங்கிலி 11 பட்டிகைகளாக மடிந்து, பலகைகளால் அமைந்த பீப்பாப் போன்ற உருவத்தைப் பெறுகின்றது. 65ஆம், 66ஆம், 67ஆம் இடங்களிலுள்ள மூன்று அமினோவமிலங்கள் பீப்பாவின் நடுவிலே தம்முள் வளைந்து இணைந்து, ஒளிரும் கருவாக மாறுகின்றன. காற்றிலுள்ள ஒட்சிசனைத் தவிர வேறெந்தத் துணையும் இதற்கு வேண்டியதில்லை. ஆகவே, இப்புரதத்தை ஆக்கும் பரம்பரையலகை எவ்வுயிருக்குள் வைத்தாலும் அவ்வுயிர் தானே இவ்விளக்கை ஆக்கிக்கொள்ளும்.

அப்பரம்பரையலகைப் பிரித்துப் படித்து 1992ஆம் ஆண்டில் வெளியிட்டவர் டக்ளஸ் பிரசர். ஆராய்ச்சிக்குப் பணவுதவி கிட்டாமையால் மேலே தொடர இயலாத அவர், தாம் பெற்றதைக் கேட்டவர்களுக்கு மனமுவந்து அனுப்பிவைத்தார். பெற்றவர்களுள் ஒருவரான மாட்டின் சல்பி, 1994ஆம் ஆண்டில் பற்றீரியாவையும் ஒரு சிறு புழுவையும் பச்சையாக ஒளிரச் செய்தார். மற்றொருவரான ரொஜர் சியென், புரதத்தின் அமினோவமிலங்களை மாற்றி நீலம், மஞ்சள் முதலிய நிறங்களைப் பெற்றார். சிமோமுராவுக்கும் இவ்விருவருக்கும் 2008ஆம் ஆண்டின் இரசாயன நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டபோது, பிரசர் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் மோட்டார் வாகனம் விற்கும் நிலையமொன்றில் சாரதியாக வேலை பார்த்துக் கொண்டிருந்தார். பெருங்கட்டடங்களின் அத்திவாரக் கல் கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதற்கு இதனினுஞ் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுமோ?

சுடரின் ஒளிர்வு ஒரு புரோத்தனிலே, அதாவது ஐதரசன் அணுவின் கருவிலே, பெரிதும் தங்கியிருக்கின்றது. சுடரிலே புரோத்தன் ஒட்டியிருந்தால், அது ஏறத்தாழ 395 நானோமீற்றர் அலைநீளமுள்ள ஊதா ஒளியை உறிஞ்சும். புரோத்தன் நீங்கியிருந்தால், 475 நானோமீற்றர் அளவிலுள்ள நீல ஒளியை உறிஞ்சிப் பச்சையாக ஒளிரும். பீப்பாவின் சுவர் நீரை உள்ளே விடாது சுடரைக் காத்து நிற்கின்றது. இச்சிறு நுட்பத்தை மாணவர்கள் மனத்திலிருத்துதல் நன்று. உணரியின் இரகசியம் இதிலேதான் இருக்கின்றது.

பொருந்துதல் ஒளியாகும் வகை

இணையி வந்து பொருந்தும்போது புரதம் தன் உருவத்தை மாற்றிக் கொள்கின்றது. கல்மொடுலின் என்னும் புரதத்தை எடுத்துக்கொள்வோம். நம் உடலிலும் இருக்கும் இப்புரதம் நான்கு கல்சிய அயன்களை ஏற்கவல்லது. அவற்றை ஏற்றதும், எம்.13 என்று பெயரிடப்பட்ட ஒரு சிறு புரதத் துண்டை விரல்களால் மூடுவது போலச் சுற்றிப் பிடிக்கின்றது. கல்சியம் நீங்கினால் பிடியும் தளர்கின்றது. இவ்வசைவை ஒளியாக மாற்ற இரண்டு வழிகள் காணப்பட்டன.

முதல் வழியை 1997ஆம் ஆண்டில் மியவாக்கி, சியென் முதலியோர் காட்டினர். நீலச்சார்புள்ள ஒளிர்புரதம் ஒன்று ஒரு முனையில்; மஞ்சட்சார்புள்ளது மறுமுனையில்; நடுவே கல்மொடுலினும் எம்.13உம். இரு விளக்குகளும் சேய்மையில் இருந்தால் முதல் விளக்கு தன் நிறத்திலே ஒளிரும். அண்மையில் வந்தால், முதல் விளக்குப் பெற்ற சத்தி ஒளியாக வெளிவராமலே இரண்டாவதற்குக் கைமாறி, மஞ்சளாக வெளிப்படும். இக்கைமாற்றம் தூரத்தின் ஆறாம் அடுக்குக்கு நேர்மாறாகக் குறையும்; தூரம் இருமடங்கானால் கைமாறும் வேகம் 64இல் ஒரு பங்காகிவிடும். ஏறத்தாழ 5 நானோமீற்றர் தூரத்தில் நிகழும் சிற்றசைவும் நிறமாற்றமாகத் தெரிவது இதனாலேயாம். இழுதுமீனில் ஈக்குவோரினின் நீலம் பச்சையாக வெளிப்படுவதும் இத்தகைய கைமாற்றத்தாலேதான். மனிதர் புதிதாக வகுத்த வழியை அவ்வுயிர் முன்னரே கையாண்டு வந்திருக்கின்றது.

நிறம் மாறுவதால் இவ்வுணரிக்குப் பச்சோந்தியின் பெயரையே கல்மொடுலினின் பெயரோடு பிணைத்துச் சூட்டினர். பச்சோந்தி நீண்ட நாவை நீட்டி மடக்குவது போல, எம்.13 துண்டும் கல்மொடுலினின் வாய்க்குள் போய் வருகின்றது என்பதும் அப்பெயருக்கு ஒரு காரணம்.

இரண்டாம் வழி இன்னும் நுட்பமானது. ஒரு மணிமாலையின் இரு முனைகளையும் சேர்த்துக் கட்டிவிட்டு, வேறோர் இடத்தில் அறுத்தால், மணிகளின் வரிசை குலையாது. முனைகள் மட்டும் இடம்மாறும். பச்சை ஒளிர்புரதத்தையும் அவ்வாறு செய்யலாம் எனச் சியெனின் ஆய்வுகூடத்தார் 1999ஆம் ஆண்டில் காட்டினர். புதிய முனைகள் 145ஆம் அமினோவமிலத்தின் அயலிலே, சுடருக்கு மிக அருகில் அமைந்தன. பீப்பாவின் சுவரில் இதனால் ஒரு பிளவு உண்டாகின்றது. 2001ஆம் ஆண்டில், யப்பானைச் சேர்ந்த ஜுனிச்சி நக்காயும் துணைவரும், அப்புதிய முனைகளுள் ஒன்றில் எம்.13ஐயும் மற்றதில் கல்மொடுலினையும் பொருத்தி, ஜீ-கம்ப் என்னும் உணரியை ஆக்கினர்.

கண்ணாடி உடைந்த அரிக்கன் லாம்பை நினைத்துக் கொள்ளுங்கள். காற்றுப் புகுவதால் சுடர் மங்கி நடுங்குகின்றது. உடைந்த இடத்தை உள்ளங்கையால் மறைத்தால் சுடர் நிமிர்கின்றது. ஜீ-கம்பிலும் நிகழ்வது அத்தகையதே. கல்சியம் இல்லாதபோது பிளவின் வழியே நீர் சுடரை அணுகுகின்றது, சுடரிலே புரோத்தன் தங்குகின்றது, நீல ஒளியை அது சரியாக உறிஞ்சுவதில்லை, ஒளிர்வு மங்குகின்றது. கல்சியம் பொருந்தியதும் கல்மொடுலின் எம்.13ஐச் சுற்றிப் பிடித்துப் பிளவை மூடுகின்றது; புரோத்தன் நீங்குகின்றது; சுடர் பன்மடங்கு ஒளிர்கின்றது. பொருந்துதல், உருமாற்றம், பிளவு மூடல், புரோத்தன் நீங்கல், ஒளி என்ற ஐந்து படிகளும் வரிசையாக நிகழ்கின்றன.

உடும்புப்பிடி உதவாது

இங்கே ஓர் ஐயம் எழலாம். இணையியை எவ்வளவு இறுகப் பற்றுகின்றதோ அவ்வளவு சிறந்த உணரி ஆகாதோ? அன்று. உடும்புப்பிடி பிடிக்கும் உணரி ஒரு தடவை ஒளிர்ந்தால் ஒளிர்ந்தபடியே நிற்கும். இணையி குறைந்தாலும் அது விடாது. ஆகவே குறைந்த செய்தியைச் சொல்லாது. எப்பொழுதும் ஆம் என்று தலையசைப்பவனிடம் ஆலோசனை கேட்பதால் ஆவதென்ன? பற்றவும் வேண்டும், உரிய வேளையில் விடவும் வேண்டும்.

இதனைக் கணக்கால் விளக்கலாம். உணரிகளில் பாதி இணையியைப் பெற்றிருக்கும் செறிவு எதுவோ, அதுவே அவ்வுணரியின் பிரிகை மாறிலி. ஓரிடம் மட்டும் உள்ள உணரியாயின், செறிவு அம்மாறிலியின் ஒன்பதில் ஒரு பங்காகும்போது 10 வீதமான உணரிகளே நிரம்பியிருக்கும்; ஒன்பது மடங்காகும்போது 90 வீதமானவை நிரம்பியிருக்கும். இவ்விரண்டு எல்லைக்கும் இடையேதான் ஒளியின் ஏற்ற இறக்கம் நமக்குப் பயன்படும். அதற்குக் கீழே இருள். அதற்கு மேலே மாறாத வெளிச்சம். ஓய்வாயிருக்கும் கலத்தினுள்ளே கல்சியத்தின் செறிவு வெளியே உள்ளதிற் பதினாயிரத்தில் ஒரு பங்கேயாகும். ஆகவே கலத்தின் உள்ளே பயன்படும் உணரி வெளியே பயன்படாது. பொன் நிறுக்கும் தராசில் நெல் மூட்டையை நிறுப்பார் உண்டோ?

ஆதலால் விஞ்ஞானிகள் ஒரே உணரியைப் பல பிடிகளோடு ஆக்குகின்றனர். 2002ஆம் ஆண்டில், செருமனியின் தியூபிங்கன் நகரிலிருந்த வொல்வ் புறொமரும் துணைவரும், பற்றீரியாவில் மோல்ற்றோசு என்னும் வெல்லத்தைப் பற்றும் ஒரு புரதத்தை இரு நிற விளக்குகளுக்கு இடையே வைத்தனர். அப்புரதம் இரு மடல்களையுடையது. வெல்லம் நடுவில் அமர்ந்ததும் மடல்கள் சிப்பி போல மூடுகின்றன. வெல்லம் அமரும் இடத்து அமினோவமிலத்தை மாற்றிப் பிடியைத் தளர்த்தி, நுண்ணிய செறிவுக்கு ஒன்று, மிகுந்த செறிவுக்கு ஒன்று எனப் பல உணரிகளை அவர்கள் பெற்றனர். மூளையிலே செய்தி கடத்தும் குளுற்றமேற்றுக்கு 2013ஆம் ஆண்டிலும், டோபமினுக்கு 2018ஆம் ஆண்டிலும், பிளந்த பீப்பா முறையால் உணரிகள் ஆக்கப்பட்டன. 2013ஆம் ஆண்டிலேயே, வரிமீன் குஞ்சொன்றின் மூளையிலுள்ள நரம்புக்கலங்களில் 80 வீதத்துக்கு மேற்பட்டவை ஒளிர்ந்து அணைவதை, 1.3 செக்கனுக்கு ஒருமுறை மூளை முழுவதையும் படமாக்கி ஆராய்ச்சியாளர் கண்டனர்.

இலைகள் சொன்ன செய்தி

இனி நாம் தொடங்கிய செடியிடம் வருவோம். முதலில் அதன் உறவல்லாத வேறொரு செடி. 2018ஆம் ஆண்டில், மசற்சுகு தொயோற்றாவும் அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்துச் சைமன் கில்றோயும் பிறரும், கடுகுக் குடும்பத்துச் சிறு செடியொன்றுக்குள் கல்சிய உணரியை வைத்து, அதன் இலையைக் கம்பளிப்புழு தின்னும்போது படம் பிடித்தனர். கடித்த இடத்தில் ஒளி தோன்றியது. இலைக்காம்பின் வழியே பரவியது. ஓரிரு நிமிடங்களில் கடிபடாத தூரத்து இலைகளும் ஒளிர்ந்தன. புண்பட்ட இடத்தில் கசியும் குளுற்றமேற்றே அச்செய்தியைத் தொடக்கி வைக்கின்றது என்பதையும், அதனை ஏற்கும் புரதங்கள் குறைந்த செடிகளில் ஒளி அவ்வாறு பரவுவதில்லை என்பதையும் அவர்கள் காட்டினர். நம் மூளையிலே தூதாகும் அதே பொருள் செடியிலும் தூதாகின்றது. ஓரிலையைப் புழு அரிப்பது மற்றை இலைகளுக்குத் தெரியும் என்றால் கற்பனை என்று எண்ணுவோம். இங்கோ அது படமாகி நிற்கின்றது.

2022ஆம் ஆண்டில், தொயோற்றாவும் யப்பானிய ஆராய்ச்சியாளர் பிறரும், அதே வகை உணரியைத் தொட்டாற்சுருங்கிக்குள்ளே வைத்தனர். இலையைத் தொட்டோ வெட்டியோ புண்படுத்தியபோது கல்சிய ஒளி இலை வழியே ஓடி மூட்டை அடைந்தது. அதன் பின்னரே அம்மூட்டு வளைந்து இலை கூம்பியது. கல்சியத்தின் ஓட்டத்தைத் தடுக்கும் பொருளைக் கொடுத்தபோது கூம்புதல் தடைப்பட்டது. கூம்பமாட்டாத செடிகளை வெட்டுக்கிளிகள் மிகுதியாகத் தின்றதும் தெரியவந்தது. நாம் விளையாட்டாகத் தொட்டுப் பார்க்கும் அச்சுருக்கம் செடிக்கு உயிர்க்காப்பு. ஒளி முன்னே, அசைவு பின்னே என்ற அவ்வரிசை, உயிரோடுள்ள செடியிலன்றி அரைத்த இலையிற் காணக்கூடியதோ?

ஒளியையும் வினவுதல் வேண்டும்

ஆயினும், ஒளிர்ந்ததெல்லாம் இணையி என்று கொள்வது பேதைமை. கலத்தினுள்ளே அமிலத்தன்மை கூடினால், புரோத்தன்கள் பெருகிச் சுடர் மங்கும். இணையி குறைந்தது போலத் தோன்றும். ஆகவே, கவனமுள்ள ஆராய்ச்சியாளர் ஒரு பொய்யுணரியையும் ஆக்கிக்கொள்வர். இணையி அமரும் இடத்தைக் கெடுத்துவிட்டு, மற்றையவற்றை அப்படியே விட்டுவைத்த உணரி அது. உண்மை உணரி ஒளிர, பொய்யுணரி அசையாது நின்றால் செய்தி மெய். இரண்டும் சேர்ந்தே ஆடினால் ஐயத்திற்கு இடமுண்டு. இரு நிற உணரியில் ஒரு நிறம் கூட மற்றது குறையவேண்டும் என்பதும் இத்தகையதொரு காவலே.

மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. உணரி கல்சியத்தைப் பற்றித்தான் ஒளிர்கின்றது. பற்றியது பற்றிய வேளையில் கலத்துக்கு உதவாது. உணரிகளை அளவுக்கு மிஞ்சி நிறைத்தால், கலத்தின் கல்சியத்தை அவையே உறிஞ்சி, செய்தியின் வடிவத்தை மாற்றிவிடும். கிணற்றின் ஆழத்தை அறிய நீரையெல்லாம் இறைத்தவன் கதையாகிவிடும். அளக்குங் கருவி அளக்கப்படும் பொருளைத் தீண்டாமல் அளப்பதில்லை. தீண்டுதல் எவ்வளவு என்பதை அறிந்து வைத்திருப்பதே அறிஞர் கடமை. உணரி இருளாயிருப்பதால் இணையி இல்லை என்று முடிவு செய்வதும் தகாது. அதன் பிடிக்கு எட்டாத அளவில் இணையி இருக்கக்கூடும்.

எனவே மாணவர்களுக்கு நாம் கூறக்கூடியது இதுவே. நுணுக்குக்காட்டியில் எடுத்த வண்ணப்படமொன்றைப் பத்திரிகையிலோ பாடநூலிலோ கண்டால், அழகிது என்று வியந்து பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இங்கே ஒளிரும் புரதம் எதனைப் பற்றியது? எத்துணை இறுக்கமாகப் பற்றியது? எவ்வளவு விரைவில் விட்டது? வேறெதனாலும் ஒளிர்ந்திருக்குமோ? இந்நான்கையும் கேளுங்கள். விடை கிடைத்த பின்னர் அப்படம் சாட்சி சொல்லும். அதுவரையில் அது வெறும் வண்ணமே.